டிஎன்எஃப் எம்ஆர்என்ஏவின் ஆயுளை டிடிபி குறைக்கிறதா? அளந்து பார்க்கும் முறை

மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லில், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ (மரபணுவின் ஆர்என்ஏ படி) கூடியிருக்கிறது என்றால், மரபணு அதிகம் படியெடுக்கப்பட்டதா, இருந்த படிகள் சிதையாமல் தங்கினவா? ஒரே நேரத்தில் எடுத்த க்யூபிசிஆர் (எம்ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) இதைச் சொல்லாது. டிடிபி (ட்ரிஸ்டெட்ராப்ரோலின்) புரதம் கைவைப்பது சிதைவில்தான். எம்ஆர்என்ஏவின் வால்பக்கம் உள்ள யூயூஏயூயூயூஏயூயூ வரிசையில் ஒட்டி, சிசிஆர்4-நாட் என்ற நொதித் தொகுதியை வரவழைத்து, முனையில் ஏ எழுத்துகளாகவே நீளும் பாலி-ஏ வாலை நறுக்க வைக்கிறது. எல்பிஎஸ் (பாக்டீரியா மேலுறைப் பொருள்) பட்டதும் செல்லின் பி38-எம்கே2 சமிக்ஞைப் பாதை டிடிபிமேல் பாஸ்பேட் ஏற்றி இந்த வேலையைத் தடுக்கிறது. டிடிபி இல்லாத எலிகள் மெலிந்து, மூட்டழற்சியால் அவதிப்படுவது 1996இலேயே தெரிந்துவிட்டது.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோபேஜ்களை, 12 குழித் தட்டில் குழிக்கு 5 லட்சமாக முந்தைய நாளே விதையுங்கள். டிடிபி உள்ளவை, இல்லாதவை இரண்டும் வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் எல்பிஎஸ் கொடுத்து 2 மணி நேரம் விடுங்கள். பிறகு எல்லாக் குழியிலும் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆக்டினோமைசின் டி சேருங்கள், படியெடுப்பு நின்றுவிடும். இது நச்சு, வெளிச்சமும் ஆகாது. பாதிக் குழிகளில் கூடவே பி38ஐத் தடுக்கும் எஸ்பி203580 1 மைக்ரோமோலார், மீதியில் அதே அளவு டிஎம்எஸ்ஓ (கரைப்பான் மட்டும்).

0, 15, 30, 45, 60 நிமிடங்களில் ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, குழியிலேயே, செல்லை உடைத்து ஆர்என்ஏவைப் பிரிக்க உதவும் டிரைசால் அரை மில்லிலிட்டர் ஊற்றுங்கள். டிரிப்சினால் செல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தால் அந்த நிமிடங்களும் கணக்கில் ஏறிவிடும்.

பலர் சறுக்குவது, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக (சிடிஎன்ஏ) மாற்றும் கட்டத்தில். ஒலிகோ-டிடி ப்ரைமர் பிடிப்பது பாலி-ஏ வாலை. டிடிபி முதலில் நறுக்குவதும் அதையே. உடல் அப்படியே இருக்க, வால் போன எம்ஆர்என்ஏ காணாமல் போனதாகத் தெரியும். ஆர்என்ஏவில் எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர் ப்ரைமரையே பயன்படுத்துங்கள். டிஎன்ஏஸ் போட்ட ஆர்என்ஏவில் 500 நானோகிராம் போதும். டிஎன்ஏ மிச்சமிருந்தால் சிதைவுக் கோடு அடியில் தட்டையாகிவிடும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத ஒரு குழாயும் ஓட்டுங்கள். ஒப்பீட்டுக்கு 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ.

கணக்கு எளிது. ப்ரைமர் திறன் நூறு சதவீதத்தை ஒட்டியிருந்தால், சிடி (க்யூபிசிஆரில் சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) 1 கூடுவது ஓர் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகும் நேரம். 60 நிமிடத்தில் 19இலிருந்து 21 ஆனால், அரை ஆயுள் 30 நிமிடம். இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பாமல் ஐந்துக்கும் கோடு வரையுங்கள்.

பி38ஐத் தடுத்ததும் சிதைவு வேகமெடுத்து, டிடிபி இல்லாத செல்களில் அந்த மாற்றம் வராவிட்டால், டிடிபிதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். நேரத்தை மட்டும் நீட்டாதீர்கள்: படியெடுப்பு நின்றால், எம்ஆர்என்ஏவைக் காக்கும் ஹெச்யூஆர் புரதம் உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்துக்கு வந்து சேரும், அளவீடே கெட்டுவிடும்.