சைட்டு வேலை எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு ட்ரோன் வச்சு பாக்குறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

ட்ரோன் கைக்கு வந்த புதுசுல நான் சைட்ட சுத்தி சுத்தி வீடியோவா எடுத்துத் தள்ளினேன். பாக்க நல்லா தான் இருந்துச்சு, ஆனா பில்டிங் ஓனர் "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன வேலை நடந்திருக்கு"ன்னு கேட்டப்போ பதில் சொல்ல முடியல, ஏன்னா ஒண்ணு 50 மீட்டர் உயரத்துல எடுத்தது, இன்னொண்ணு 80 மீட்டர்ல, ஒண்ணு காலைல, ஒண்ணு சாயங்காலம். ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒப்பிடவே முடியாது. அதனால இதை மட்டும் முதல்ல மனசுல வச்சுக்கோங்க: ஒவ்வொரு தடவையும் அதே பாதை, அதே உயரம், அதே நேரம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021லயே ரோடு வேலைக்கெல்லாம் மாசாமாசம் ட்ரோன் வீடியோ கட்டாயம்னு சொன்னதும் இந்த மாசத்தையும் போன மாசத்தையும் வச்சு பாக்கத்தான்.

பறக்குறதுக்கு முன்னாடி

ட்ரோன் ரூல்ஸ் 2021 படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. சைட்டு வேலைங்கிறது தொழில் கணக்குல வரும், அதனால மைக்ரோ ஓட்டணும்னா பைலட் சர்டிபிகேட் வேணும், நானோவுக்கு வேண்டாம். ட்ரோனுக்கு யூஐஎன் நம்பர் (வண்டிக்கு இருக்குற மாதிரி பதிவு நம்பர்) வாங்கிடுங்க. அப்புறம் டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசாங்க வெப்சைட்டுல ட்ரோன் மேப்ப திறந்து உங்க சைட்டு எந்த கலர்ல வருதுன்னு பாருங்க. பச்சைன்னா 400 அடி வரைக்கும் தனியா அனுமதி வேண்டாம், மஞ்சள்னா கேக்கணும், சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம எடுக்கவே கூடாது. பல்லாவரம், மீனம்பாக்கம்னு சென்னை ஏர்போர்ட் பக்கம் சைட்டு வச்சிருக்கவங்க இத கண்டிப்பா பாருங்க.

மேஸ்திரிகிட்டயும் வேலை செய்றவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. சாரத்துல நிக்கிற ஆளு சத்தம் கேட்டு மேல நிமிர்ந்து பாத்தா கால் தவறிடும். நான் டீ டைம்ல தான் பறப்பேன், ஆளுங்க தலைக்கு மேல கொண்டு போறதே இல்ல. டவர் கிரேன் இருந்தா ஆபரேட்டர்கிட்ட பேசி பூம் (கிரேனோட நீளமான கை) நின்ன பிறகு எடுங்க.

பறக்குறப்போ

ட்ரோன் ஓட்டுற ஆப்ல சைட்டு எல்லைய வரைஞ்சு கிரிட் மிஷன் (ட்ரோன் வரிசை வரிசையா தானா போய் போட்டோ எடுக்குற பாதை) போட்டு சேவ் பண்ணிடுங்க, அடுத்த வாரம் அதையே திரும்ப ஓட்டினா போதும். உயரம் 60 மீட்டர் வச்சா, 1 இன்ச் சென்சார் 20 மெகாபிக்சல் கேமராவுல ஒரு பிக்சலுக்கு சுமாரா 1.6 சென்டிமீட்டர் வரும், புட்டிங் (அஸ்திவார) குழி, தூண் எல்லாம் தெளிவா தெரியும். ஓவர்லாப் (ஒரு போட்டோல வந்த இடம் அடுத்த போட்டோலயும் வர்ற அளவு) முன்னாடி 80, பக்கவாட்டுல 70 சதவீதம். கேமரா நேரா கீழ பாக்கணும். கட்டடம் மேல எழும்ப ஆரம்பிச்சுட்டா கூடவே ஒரு ரவுண்டு சாய்வா எடுத்துக்கோங்க, இல்லன்னா சுவர் பக்கம் ஒண்ணும் வராது.

ஒரு முக்கியமான விஷயம். ஸ்லாப் கான்கிரீட் போட்டுட்டா உள்ள கம்பி எப்படி கட்டினாங்கன்னு அப்புறம் யாராலயும் காட்ட முடியாது. அதனால வழக்கமான வார பிளைட் எப்ப இருந்தாலும், கான்கிரீட்டுக்கு முந்தின நாள் தனியா ஒரு தடவை 15 மீட்டர் உயரத்துல எடுத்து வைங்க. பின்னாடி ஏதாவது வாக்குவாதம் வந்தா அந்த போட்டோ தான் பேசும். அதுக்காக இன்ஜினியர் கீழ நின்னு கம்பிய செக் பண்றத விட்டுடாதீங்க, ட்ரோன் அதுக்கு பதில் இல்ல.

போட்டோவ என்ன பண்றது

காசு போடாம ஆரம்பிக்கணும்னா வெப்ஓடிஎம்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, ஓப்பன் சோர்ஸ். போட்டோ எல்லாத்தையும் அதுல போட்டா முழு சைட்டும் ஒரே படமா வரும், கூடவே 3டி மாடலும் வரும். ரெண்டு வாரத்து படத்தையும் கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாப்ட்வேர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மேல உள்ளத ஆன் ஆஃப் பண்ணி பாருங்க, எந்த தூண் வந்திருக்கு, எது அப்படியே நிக்குதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

மண் வேலைக்கு தான் இது ரொம்ப உதவும். குழி தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தோண்டின பிறகு ஒரு தடவை எடுத்து ரெண்டு மாடலுக்கும் வித்தியாசம் பாத்தா எத்தனை கன மீட்டர் மண் போயிருக்குன்னு வந்துடும், லாரி லோடு எண்ணி சண்டை போட வேண்டாம் (அள்ளின மண்ணு பொலபொலன்னு உப்பும், அதனால லாரி கணக்கும் குழி கணக்கும் ஒண்ணா வராது, அத மறந்துடாதீங்க). ஆனா பில்லுக்கு போற அளவுன்னா சும்மா ஜிபிஎஸ்ஸ நம்பாதீங்க. சைட்டோட நாலு மூலைலயும் நடுவுலயும் வண்டி ஏறாத இடமா பாத்து அஞ்சு குறி பெயிண்ட்ல போட்டு, சர்வேயர வச்சு லெவல் எடுத்து, அந்த பாயிண்ட சாப்ட்வேர்ல கொடுங்க. இது இல்லன்னா உயரத்துல மீட்டர் கணக்குல தப்பு வரலாம்.

கடைசியா, ஃபோல்டர் பேருல தேதியும் பிளாக் பேரும் போட்டு ஒரிஜினல் போட்டோவ ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க. முடிச்ச படம் போனா திரும்ப செஞ்சுக்கலாம், ஒரிஜினல் போனா அந்த நாள் சைட்டு எப்படி இருந்துச்சுன்னு காட்ட வேற வழியே இல்ல.