இன்சுலின் பம்ப்: வீட்டிலும் பக்கத்து கிளினிக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைக்குச் சர்க்கரை நோய் சிகிச்சை புதிதல்ல. இராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே 1954-ஆம் ஆண்டில் மருத்துவர் எம். விஸ்வநாதன் மருத்துவமனை தொடங்கினார். ஆனால் இடுப்பில் சிறு கருவியை மாட்டிக்கொண்டு, வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய குழாய் செருகி, நாள் முழுவதும் இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் பம்ப், தெருமுனை கிளினிக்குகளுக்கு இன்னும் பழகாத பொருள். பம்ப்பைப் பொருத்துவது பெரிய மருத்துவமனையின் நிபுணர். இரவு பத்து மணிக்கு வாந்தி வந்தால் போய் நிற்பதோ, தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ பக்கத்தில் திறந்திருக்கும் கிளினிக். தவறுகளில் பாதி வீட்டில் தொடங்கி, மீதி அங்கே முடிகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பம்ப்பில் ஊற்றுவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. நாள் முழுவதும் தாங்கும் நீண்டநேர இன்சுலின் அதில் கிடையாது. வேக இன்சுலினே துளித்துளியாக ஏறி அந்த வேலையையும் செய்கிறது. மாடியில் தொட்டி இல்லாமல் மோட்டாரிலிருந்து நேராகக் குழாய் இழுத்த வீடு போலத்தான். மோட்டார் நின்றால் குழாயும் நின்றுவிடும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்சுலின் வரத்து நின்ற சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) சேரத் தொடங்கும். அதற்கு மேலும் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறப்பதுதான் பெரிய தவறு. குளிப்பதற்காகக் கழற்றலாம், ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும். அதைவிட மோசமானது, காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ “இன்று ஒன்றும் சாப்பிடவில்லை, இன்சுலின் எதற்கு?” என்று பம்ப்பை நிறுத்துவது. காய்ச்சல் நாளில் உடலுக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். சாப்பாட்டுக்கான அளவைக் குறைக்கலாம். நாள் முழுவதும் துளித்துளியாக ஏறும் அடிப்படை அளவை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இதே இடத்தில் கிளினிக்கும் சறுக்கும். பம்ப் போட்டவர் வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால் அதை அஜீரணம் என்று முடிவு கட்டி, வாந்திக்கு ஓர் ஊசி போட்டு அனுப்புவது நடக்கக்கூடியதே. கீட்டோன் கூடினாலும் இதே வயிற்றுவலி, இதே வாந்திதான். அவரிடம் முதலில் கேட்க வேண்டியவை: செட் (குழாயும் தோலுக்கடியில் செருகும் அதன் நுனியும்) எப்போது மாற்றினீர்கள்? குழாய் மடங்கியிருக்கிறதா? கசிகிறதா? விரலில் சர்க்கரை பாருங்கள். சிறுநீரில் கீட்டோன் காட்டும் பட்டை விலை அதிகமில்லை, கிளினிக்கில் ஒரு டப்பா இருக்கட்டும். வாந்தி நிற்கவில்லை, கீட்டோனும் தெரிகிறது என்றால் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

வீட்டில் சர்க்கரை 250 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால் பலர் பம்ப்பின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். இதில் இரண்டு ஆபத்து. தோலுக்கடியில் குழாய் மடங்கியிருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே எதுவும் போகாது. மடங்காமல் இருந்தால், ஒவ்வொரு முறை போன இன்சுலினும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நள்ளிரவில் சர்க்கரையைக் கவிழ்த்துவிடும். ஒரு முறை பம்ப் மூலம் கொடுத்தும் இறங்கவில்லை என்றால் கீட்டோன் பாருங்கள். அடுத்த அளவை இன்சுலின் பேனாவிலோ சிரிஞ்சிலோ போட்டுக்கொண்டு செட்டை முழுதாக மாற்றுங்கள். பம்ப் வந்துவிட்டது என்று பழைய பேனாவைத் தூக்கி எறிந்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

சிரிஞ்சு என்றதும் நம் நாட்டில் உள்ள ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பம்ப்புக்கும் பேனாவுக்கும் உரியது 100 யூனிட். சிரிஞ்சும் அப்படியே: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பம்ப் பழுதான அவசரத்தில் அதிலிருந்த இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குப் போவது 25 யூனிட். ஆளை மயக்கத்தில் தள்ள இது போதும். மாறாக, கையில் கிடைத்த 40 யூனிட் குப்பியைப் பம்ப்பில் நிரப்பினால், 10 யூனிட் என்று திரை காட்டும்போது போவது 4 மட்டுமே. கலங்கலான கலவை இன்சுலினைப் பம்ப்பில் ஊற்றவே கூடாது. நர்ஸ் தருவதாக இருந்தாலும் குப்பியின் லேபிளையும் மூடியின் நிறத்தையும் நீங்களே ஒரு முறை பாருங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செட்டை இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். காசை மிச்சப்படுத்த ஐந்து, ஆறு நாள் இழுப்பவர்கள் உண்டு. அதன் பலன் சீழ் கட்டுவது, தோல் தடித்துப்போவது, இன்சுலின் சரியாக ஏறாமல் போவது. கருவியின் விலை லட்சங்களில். அதைக் கடனோ உடனோ வாங்கி ஒரு முறை கட்டிவிடலாம். மாதாமாதம் செட்டுக்கு ஆகும் செலவு ஓயாது. அதைத் தாங்க முடியாத குடும்பம் பம்ப்பை விட்டுப் பேனாவுக்குத் திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து. நான்கு வேளை ஒழுங்காகப் போடும் ஊசி, ஆறு நாள் இழுத்த செட்டைவிட எவ்வளவோ மேல்.

செட் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்துச் சரியாக ஏறுகிறதா என்று உறுதி செய்யலாம். படுக்கப்போகும் முன் மாற்றினால் கோளாறு தெரிய விடிந்துவிடும். இன்சுலினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நிரப்பினால் குமிழி கட்டும், சற்றுக் குளிர் தணியவிடுங்கள். குழாயில் இன்சுலினை ஓடவிட்டுக் குமிழியை வெளியேற்றும்போது குழாய் உடலில் மாட்டியிருக்கக் கூடாது.

சென்னை வெயில் தனிக் கணக்கு. பம்ப்பில் உள்ள இன்சுலின் 37 டிகிரியைத் தாண்டினால் கெட்டுப்போகும். கத்திரி வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் சிக்கிக்கொண்டாலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பகலெல்லாம் இருந்தாலோ அந்த அளவை எட்டுவது எளிது. அப்படிப்பட்ட நாளில் காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் இன்சுலினை மாற்றிவிடுங்கள். வியர்வையில் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரியும் கழன்றுகொள்ளும். சட்டைக்கடியில் அவ்வப்போது தடவிப் பாருங்கள்.

“மெஷின் பார்த்துக்கொள்ளும்” என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சார் இணைக்காத பம்ப்புக்கு உங்கள் சர்க்கரை எவ்வளவு என்றே தெரியாது. சென்சார் இருந்தாலும், சாப்பாட்டின் மாவுச்சத்தைப் பெரும்பாலான கருவிகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். காசிமேட்டு மீனுக்குக் கணக்கு வேண்டாம், சோற்றுக்கு வேண்டும். பர்மா நூடுல்ஸ் உணவான அத்தோ சிக்கலானது: நூடுல்சின் மாவு ஒரு பக்கம், எண்ணெயும் பொரித்ததும் மறுபக்கம். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை தாமதமாக ஏறும். மொத்த அளவையும் முதலிலேயே கொடுத்தால் முதலில் இறங்கிப் பிறகு ஏறும். அளவைப் பிரித்து நீட்டிக் கொடுக்கும் வசதி பல பம்ப்புகளில் இருக்கிறது. நிபுணரிடம் கேட்டுப் பழகுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பம்ப்பைக் கழற்றிவிட்டு உடனே 108. குளுக்கோஸ் ஏறி நினைவு திரும்பியதும் மறுபடி மாட்ட வேண்டும். பதற்றத்தில் இந்தக் கடைசிப் படி விட்டுப்போகிறது.

பேட்டரி மாற்றியதும் பம்ப்பின் கடிகாரத்தைப் பாருங்கள். காலை, மாலை இடம் மாறினால் பகல் அளவு இரவில் ஓடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்ப் போகக் கூடாது, எக்ஸ்ரே, சி.டி.க்கும் கழற்றிவிடுவது நல்லது. ஒரு மணி நேரத்து அடிப்படை அளவு, சாப்பாட்டுக்கான விகிதம், நாளின் மொத்த யூனிட், நிபுணரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பேனாவோடு வைத்திருங்கள். பம்ப் பழுதானால், நீண்டநேர இன்சுலின் எவ்வளவு போடுவது என்று பக்கத்து கிளினிக் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.