சருகைக் கொளுத்தாதீர்கள், வாழைக்குப் போடுங்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் விடிந்ததும் முற்றம் கூட்டுவோம். பொழுதுபடக் குவியலுக்கு நெருப்பு வைப்போம். சருகோடு சோறு சுற்றும் லஞ்ச் சீற்றும் சொப்பிங் பையும் சேர்ந்து எரியும். இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் பிளாஸ்டிக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது தடை. சட்டத்தை விடுங்கள், எங்கள் மண்ணுக்கென்று வேறொரு காரணம் இருக்கிறது: குப்பைக்கு வைத்த நெருப்பில், புதைந்து கிடந்த போர்க்கால வெடிபொருள் வெடித்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள்.

எரிப்பதற்குப் பதிலாக ஒரு வாழைக் கிடங்கு வெட்டுங்கள்: சருகையும் சமையல் கழிவையும் போட்டு உக்கவிட, சுற்றிவர வாழை நட்ட ஒரு குழி.

முதலில் இடம். கிணற்றுக்கு நன்றாகத் தள்ளி, பள்ளமான பக்கம் பாருங்கள். ஆனால் குசினியிலிருந்து வாளி தூக்கக்கூடிய தூரமாக இருக்கட்டும். தூரம் கூடினால் மூன்றாம் நாளே அலுத்துவிடும்.

அகலம் 3 அடி, ஆழம் 2 அடி போதும். கோடையில் நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் வெட்டினால் மண்வெட்டி சொன்னபடி கேட்கும். இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கிளறிப் பார்க்க வேண்டாம். அப்படியே விட்டு விலகிப் பொலிஸுக்கு அறிவியுங்கள். வெட்டிய மண்ணைச் சுற்றிவர வரம்பாகப் போட்டு, அதில் 3 வாழைக் குட்டிகளை நடுங்கள். எனக்கு இதரை வாழைதான் விருப்பம்.

அடியில் முருங்கைக் கொப்பு, தென்னை மட்டைத் துண்டுகள். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு. பிறகு மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, வேலியில் வெட்டிய கிளிசரியாக் குழை. சமையல் கழிவு போடும் ஒவ்வொரு முறையும் மேலே சருகு மூடவேண்டும். மீன் கழிவை நான் ஒருமுறை மேலாகப் போட்டுவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஊர் நாய்கள் கிடங்கையே முற்றத்துக்கு இழுத்து வந்திருந்தன. ஆழமாகப் புதையுங்கள்.

கோப்பை கழுவிய தண்ணீரை இதற்குள் ஊற்றலாம். கழிப்பறை கழுவும் மருந்து கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரல் நனையவேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால், அல்லது நாறினால், சருகு போதவில்லை. மாரியில் தண்ணீர் தேங்கி நின்றால் நுளம்பு பெருகும். அப்போது வரம்பை ஒரு பக்கம் வெட்டி வடிய விடுங்கள். சிரட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள்.

பொலித்தீன் இதற்குள் போகவே கூடாது. சந்தைக்குப் பனையோலை உமலோ துணிப் பையோ கொண்டுபோனால் பாதித் தொல்லை குறையும்.

கிடங்கு தாழத் தாழ நிரப்பிக்கொண்டே இருங்கள். குலை வெட்டியதும் அந்த வாழையையே துண்டு துண்டாக நறுக்கி அதே கிடங்கில் போட்டு, பக்கக் குட்டிகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.