பழைய வேனின் மைலேஜ் ஏறி இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் பழைய டெம்போ டிராவலர், சுவராஜ் மஸ்தா போன்ற பெரிய டீசல் வேன்களை வைத்திருப்பவர்களிடம் பொதுவாகக் கேட்கும் குறை ஒன்று உண்டு. போன வாரம் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இந்த வாரம் 9-க்கு இறங்கிவிட்டது, அடுத்த வாரம் யாரும் கை வைக்காமலே மறுபடியும் 10.5 கொடுக்கிறது என்பார்கள். இப்படிப்பட்ட நிலையில் பலரும் செய்கிற முதல் தவறு, மைலேஜ் குறைவாக இருப்பதையும் மைலேஜ் நிலையில்லாமல் இருப்பதையும் ஒரே கோளாறாக எண்ணிக்கொண்டு, வண்டியை நேராக, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில், அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் ஆகியவற்றின் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஓட்டிச் செல்வதுதான். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின் ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மோசமாகவும் ஓடாது. தேய்மானம் எப்போதும் ஒரே திசையில்தான் போகும். ஏறி இறங்குகிற மைலேஜுக்கு உரிய காரணமும் வந்து போகிற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அளவெடுப்பதில் உள்ள பிழை, காற்று, சுமை, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் நேரம், சில நாள் பிடித்துச் சில நாள் விட்டுவிடும் பிரேக், உரிய சூட்டுக்கு வராத எஞ்சின் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே பம்பைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்க்கும் முறை சரியானதே. ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு உடனே நிரப்பிப் பார்ப்பது தவறு. டீசல் நுரைப்பதாலும், பங்க்கில் வண்டி சற்றே சாய்ந்து நிற்பதாலும், பங்க்கின் நிரப்பும் குழாய் முனை (இதையும் நாசில் என்பார்கள்) தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுவதாலும் பெரிய டேங்க் உள்ள வேனில் 2 லிட்டர் முன்னேபின்னே ஆவது சாதாரணம். 220 கிலோமீட்டர் ஓடி, உண்மையில் 20 லிட்டர் செலவான வண்டி லிட்டருக்கு 11 கொடுத்திருக்கிறது. அதே ஓட்டத்துக்கு 18 லிட்டர் ஏறினால் கணக்கு 12.2 என்று காட்டும். 22 லிட்டர் ஏறினால் 10 என்று காட்டும். வண்டியில் எந்த மாற்றமும் இல்லாமலே லிட்டருக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கியதாகத் தோன்றிவிடும். 660 கிலோமீட்டர் ஓடி 60 லிட்டர் நிரப்பும்போது அதே 2 லிட்டர் பிழை 10.6-க்கும் 11.4-க்கும் இடையில் அடங்கிவிடும். ஆகவே ஒரே பங்க்கில், ஒரே நாசிலில், வண்டியை ஒரே பக்கமாக நிறுத்தி, முதல் முறை தானாக நின்றவுடன் நிறுத்திக்கொண்டு, அடுத்தடுத்த மூன்று நிரப்பல்களின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. பங்க்கின் அளவில் சந்தேகம் இருந்தால் வேறு பங்க்குகளுக்கு மாறி மாறிப் போய்க் கணக்கைக் குழப்பிக்கொள்ளாமல், அங்கே கட்டாயம் வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. விடியற்காலையில் நிரப்பினால் டீசல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய பலன் இல்லை. ஒரு டிகிரி வெப்பத்துக்கு டீசல் ஏறத்தாழ 0.08 சதவீதம்தான் விரிகிறது, அதுவும் நிலத்தடித் தொட்டியின் வெப்பம் பகலிலும் இரவிலும் அதிகம் மாறுவதில்லை.

லிட்டரைச் சந்தேகிக்கிற பலர் கிலோமீட்டரைச் சந்தேகிப்பதில்லை. கேபிளில் இயங்கும் பழைய ஸ்பீடோமீட்டரில் கேபிள் காய்ந்தோ நுனி தேய்ந்தோ போனால், முள் துள்ளித் துள்ளி ஆடும். அப்படி ஆடுகிற நாள்களில் ஓடிய தூரம் முழுவதும் மீட்டரில் ஏறாது, மைலேஜ் விழுந்துவிட்டதாகவே கணக்கு வரும். அளவு மாறிய டயர் போட்டாலும் மீட்டர் காட்டும் தூரம் தவறும். பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டு 20 கிலோமீட்டர் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி காட்டும் தூரத்தோடு ஒப்பிடுவதும் போதுமானது.

இந்தக் கடற்கரைக்கே உரிய தவறு, காற்றைக் கணக்கில் எடுக்காமல் ஒருவழி ஓட்டத்தை வைத்து வண்டியை எடைபோடுவது. பெட்டி போன்ற உயரமான முகப்புள்ள வேனைக் காற்று எதிர்க்கும் விசை, வண்டியின் மேல் மோதும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், வண்டி காற்றுக்குள் 80-ல் ஓடுகிறது என்று பொருள். அந்த எதிர்ப்பு விசை 1.78 மடங்காகிவிடும். அதே காற்று முதுகில் வீசினால் அது 0.44 மடங்காகக் குறையும். மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரத்துக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்குப் போகும் வழியே எதிர்க்காற்றாக இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். போக வரச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் காற்று சமன்பட்டுவிடும் என்று நினைப்பதும் சரியன்று. மேலே சொன்ன இரண்டு எண்களின் சராசரி 1.11, அதாவது காற்று வீசும் நாளில் போய்த் திரும்பினாலும், காற்றில்லாத நாளைவிடக் காற்றின் எதிர்ப்பு பதினொரு சதவீதம் கூடுதலாகவே இருக்கும். கூரையில் கேரியரும் அதன் மேல் மூட்டைகளும் இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஆகவே ஆடி மாதக் கணக்கைப் பங்குனி மாதக் கணக்கோடு ஒப்பிட்டு எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. காற்று ஓங்கும் நாள்களில் வேகத்தை 70-லிருந்து 55-க்குக் குறைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வேன்களில் கிலோமீட்டரே ஓடாமல் டீசல் செலவாகிறது. அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களையும் முடித்துத் தரிசனம் செய்துவிட்டு வருவதற்குள் பல மணி நேரம் ஆகும். அதுவரை வண்டிக்குள் இருக்கும் முதியவர்களுக்காக ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டால், மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் போய்விடும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களின் நெரிசலையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 30 லிட்டர் செலவாகும் ஓட்டத்தில் 3 லிட்டர் இப்படிப் போனால், மைலேஜ் பத்து சதவீதம் சரிந்ததற்கு எந்த மெக்கானிக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. முதியவர்களின் வசதியைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஓட்டக் கணக்கு எழுதும் நோட்டில் நின்ற நேரத்துக்கும் ஏற்றிய சுமைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறேன்.

வண்டியிலேயே இருக்கும் கோளாறுகளில் நான் முதலில் சந்தேகிப்பது பிரேக்கை. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் போன்ற இடங்களில் கரையை ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளின் அடிப்பாகத்தில் உப்புக் காற்று இரவு முழுவதும் படிகிறது. அப்படி நின்ற ஒரு வேனின் பின் சக்கர டிரம்மைக் கழற்றியபோது, உள்ளிருந்து செம்புழுதியாகத் துரு கொட்டியது; ஹேண்ட் பிரேக் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் வெடித்து, உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. டிரைவர் லீவரை இறக்கினால் லீவர் இறங்கியது, கேபிள் திரும்பவில்லை. பிரேக் ஷூ, அதாவது டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, டிரம்மை உரசிக்கொண்டே இருந்தது. சில நாள்களில் ஓட்டத்தின் அதிர்வில் கேபிள் தானாக விட்டுவிடும், அன்று மைலேஜ் நன்றாக வரும். வெயில் காய்ந்த நாளில் நல்லது, பனியும் உப்பும் இறங்கிய நாளில் மோசம் என்று மைலேஜ் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைப்பது அரிது. முன் டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) துருப்பிடித்து இறுகினாலும் இதே விளைவுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக உருண்டு நிற்கவிட்டு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, பிடித்த பிரேக் தோலை வேகவைக்கும் அளவுக்குச் சுட்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் அடித்தால், அதை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்துப் பிரேக்கா, வீல் பேரிங்கா என்று பிரித்தறியலாம். கரையோரத்தில் இரவு நிறுத்தும்போது, சமதரையாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வந்த வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவாமல் விடுவது, பார்க்கச் சின்னதாகத் தோன்றினாலும் பெரிய தவறு.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டீசல் எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேலான சூட்டில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் குறுகிய ஓட்டங்களில் அது அந்தச் சூட்டுக்கு வரவே வராது. டீசல் முழுமையாக எரியாது, ஆயில் இளகாது, தேய்மானமும் கூடும். நீண்ட ஓட்டத்தில் நல்ல மைலேஜும், உள்ளூர் ஓட்டத்தில் மிகக் குறைந்த மைலேஜும் தருகிற வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடேறுகிறது என்றால் அதன் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். இந்தப் பகுதியின் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் கிடைப்பது உவர்நீர். அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உப்பு படிந்து அடைத்துக்கொண்ட பிறகு, பழியைத் தெர்மோஸ்டாட்டின் மேல் போடுவது நியாயமில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றினால் இந்தச் சிக்கல் எழாது.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் வேகமாக அடித்துச் சுத்தம் செய்வதால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்து, கடற்கரையின் நுண்மணல் எஞ்சினுக்குள் போகிறது, மாற்றிவிடுவதே மலிவு. டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்து வடிக்க வேண்டும், ஏனெனில் பாதி காலியான டேங்க்கில் ஈரக் காற்று குளிர்ந்து நீராகிறது. டயர்க் காற்றை ஓடிய சூட்டில் பார்த்துக் குறைப்பதும் தவறு. காலையில், வண்டி நகர்வதற்கு முன் பார்க்க வேண்டும்.

டர்போ உள்ள வண்டிகளில், அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால், சுமை ஏறும்போது மட்டும் அது விரிந்து காற்றை வெளியே விடும். காலி வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. சுமையோடு கறுப்புப் புகையும் சீறும் சத்தமும் சேர்ந்து வந்தால் அங்கே தேட வேண்டும். கிளட்ச் வழுக்குவதும் சுமையில்தான் வெளிப்படும். எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள வண்டியில் எர்த் வயரும் வெப்ப சென்சாரின் பின்களும் உப்பால் பச்சை பூத்திருந்தால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகத் தவறாக எண்ணிக் கணினி கூடுதல் டீசலைக் கொடுக்கக்கூடும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது பலரும் விடாமல் பின்பற்றும் தவறு. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் தேவைப்படுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டினால் பிரேக் பூஸ்டரின் துணையும் போய்விடும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும் அந்தப் பாலத்தில் அது உயிருக்கு ஆபத்து. மைலேஜ் கூடும் என்று சொல்லி டீசல் குழாயில் மாட்டும் காந்தங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டியதில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் மைலேஜ் ஏறாமல் ஒரே நிலையில் தாழ்ந்து நின்றால், அப்போது எஞ்சினின் நாசில்களைக் கழற்றி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிக்கும் விதத்தையும் சோதனைக் கருவியில் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். நாசில், ஃபில்டர், டைமிங், டேப்பெட் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது பலன் கொடுத்தது என்பதே தெரியாமல் போகும். ஒரு வேலையைச் செய்து, அதே வழித்தடத்தில் மூன்று டேங்க் ஓட்டிக் கணக்கெழுதிய பிறகே அடுத்த வேலைக்குப் பட்டறையில் நாள் குறியுங்கள்.