மாற்றுத்திறனாளிங்களுக்கான ஓகேயூ சலுகைய நம்பி கேஎல் (கோலாலம்பூர்) சுத்த வர்றவங்க பண்ற தப்புங்க

போன மாசம் கேஎல் சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன்ல ஒரு குடும்பத்தப் பாத்தேன், கோயம்புத்தூர்ல இருந்து வந்தவங்க. பெரியம்மாவ சக்கர நாற்காலியில வச்சுக்கிட்டு, போன்ல டிக்கெட் ரசீத காட்டி "அண்ணே, இதுல பாதி காசு கவுன்டர்ல திரும்பத் தருவாங்களா"ன்னு கேக்குறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு, ஏன்னா முழுக் காசயும் கட்டிட்டு அப்புறம் சலுகை கேக்கற இதே தப்ப நான் என் அப்பாவ வச்சுக்கிட்டு பண்ணவன். கார்ட மறக்காதீங்க, காலையிலயே கெளம்புங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத நான் சொல்லப் போறதில்ல.

எல்லா கார்டும் ஓகேயூ கார்டு ஆகாது

ஓகேயூன்னா ஓராங் கூராங் உப்பாயா, நம்ம பாஷையில மாற்றுத்திறனாளி. இந்தக் கார்ட குடுக்கறது மலேசியா சமூகநலத்துறை, எல்லாரும் ஜேகேஎம்னு சொல்றது. 2008ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு சட்டமே வந்துடுச்சு, சட்டம் 685. கண்ணு, காது, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒண்ணுக்கு மேல இருக்கறவங்கன்னு ஏழு பிரிவு. ஆனா ஊர் சுத்த வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு இது கிடையாது. ஊர்ல இருந்து வர்ற சித்தப்பாகிட்ட இந்திய அரசு குடுத்த யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி கார்டு இருக்கும், அது நல்ல கார்டுதான், ஆனா அதக் காட்டின உடனே இங்க விலை குறையும்னு கணக்குப் போடாதீங்க. கேஎல்ல டிரெயினும் பஸ்ஸும் ஓட்டற ரேபிட் கேஎல்ல ஓகேயூக்கு கட்டணச் சலுகை இருக்கு, அதுவும் மலேசியா ஆளுங்க முன்கூட்டியே பதிஞ்சு எடுக்கற சலுகைக் கார்டுலதான் வரும். மூணு நாள் தங்கறவங்க டிரெயின் செலவ முழு விலையிலயே எழுதி வச்சிடுங்க.

அதுக்காக கேக்காமலே இருக்கணும்னு சொல்லல. சில எடத்துல வெளிநாட்டுச் சான்றிதழையும் பாத்துக் குறைப்பாங்க, ஆனா அது இங்கிலீஷ்ல இருந்தாத்தான் கவுன்டர்ல நிக்கற பொண்ணால படிக்க முடியும். தமிழ்ல மட்டும் இருக்கற பேப்பர நீட்டினா அந்தப் புள்ள என்ன செய்யும்?

முதல்ல காசு கட்டிட்டு அப்புறம் சலுகை கேக்கறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துடுச்சு, ஓகேயூ கார்டும் எடுத்தாச்சு. அவருக்கு ஒரு ஆசை, கேஎல்ல உயரமான எடத்துல ஏறி ஊரப் பாக்கணும்னு. நாங்க பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த்துல இருந்து ஆறு பேரு கெளம்பினோம், அதுல ரெண்டு பேரு சென்னையில இருந்து வந்த அத்தையும் மாமாவும். சீட்டு முடிஞ்சிடுமோன்னு பயந்து முந்தின நாள் ராத்திரியே ஏதோ ஒரு டிக்கெட் விக்கற வெப்சைட்ல ஆறுக்கும் பெரியவங்க விலை போட்டு கட்டிட்டேன், அங்க ஓகேயூன்னு ஒரு கட்டமே இல்ல, சரி வாசல்ல கார்ட காட்டினா மிச்சத்த குடுத்துடுவாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

வாசல்ல டிக்கெட் பாக்கற பொண்ணு அப்பாவோட கார்ட வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தா. அவர் அத ஐசியோட, அதாவது மலேசியா அடையாள அட்டையோட சேத்து ஒரு பிளாஸ்டிக் உறையில வச்சிருப்பாரு, ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு. பாத்துட்டு என் போன்ல இருந்த பார்கோட தொட்டுக் காட்டி "டா பாயார், தா போலே துக்கார்"னு சொன்னா. கட்டியாச்சு, மாத்த முடியாது. அவ மேல தப்பே இல்ல, வித்தது வேற ஆளு, காசு போனதும் வேற எடத்துக்கு. வெப்சைட்காரனுக்கு மெயில் போட்டேன், ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு. அப்பா "விடுப்பா, வந்ததே பெருசு"ன்னாரு. அதுதான் இன்னும் உறுத்துது. அவருக்கு உரிமையா கிடைக்க வேண்டியத நான் அவசரப்பட்டுத் தொலைச்சேன்.

நல்லா கேட்டுக்கங்க, சலுகைங்கறது வாங்கற நேரத்துல எந்த வகை டிக்கெட் எடுக்கறோமோ அதுலதான் இருக்கு. காசு போயிடுச்சுன்னா கதவு சாத்தின மாதிரி. அதனால மூணாவது ஆளு விக்கற வெப்சைட்ல மொத்தமா வாங்காதீங்க. அந்த எடத்தோட சொந்தப் பக்கத்துல போயி விலைப் பட்டியல் முழுசும் படிங்க, அதுல மைகாட் (அதே ஐசிதான்) வச்சிருக்கறவங்க, மைகாட் இல்லாதவங்கன்னு ரெண்டு வரிசை இருக்கும். பினாங்குல புக்கிட் பெண்டேரா மலைக்கு ரயில்ல ஏறப் போனாலும் அதே கததான், உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரங்களுக்கு வேற விலை. ஓகேயூ விலை எந்த வரிசையில இருக்குன்னு பாருங்க, அனேகமா மைகாட் பக்கம்தான் இருக்கும். புரியலன்னா எழுதிக் கேளுங்க, வந்த பதில ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, வாசல்ல நிக்கறவருக்கு நம்ம வாயி பேச்ச விட அதுதான் பேசும்.

கலப்புக் குடும்பமா வந்தா ரெண்டு மடங்கு கவனம் வேணும். எங்க மாதிரி நாலு பேருக்கு ஐசி, ரெண்டு பேருக்கு பாஸ்போர்ட்டுன்னா டிக்கெட்டயும் பிரிச்சே எடுங்க. எல்லாத்தயும் மைகாட் விலையில போட்டுட்டு சமாளிக்கலாம்னு போகாதீங்க, வாசல்ல ஆளாளுக்கு ஐசி கேட்டா அத்தை எதக் காட்டுவாங்க? வயசான மனுஷிய அத்தன பேரு முன்னாடி நிக்க வைக்கறது பாவம்.

சக்கர நாற்காலி அத்தாட்சி இல்ல

கார்டுதான் அத்தாட்சி.

கார்ட போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு வர்றது

ஒரிஜினல் கையில இருக்கணும், ஐசியும் கூடவே.

படிக்கு சலுகை இல்ல

பத்துமலையில கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, ஆனா மேல குகைக்குப் போக 272 படி. விலை குறைவுங்கறதும் போக முடியுங்கறதும் வேற வேற. கீழ முருகன் சிலை முன்னாடி சமதரையில நின்னு கும்பிட்டுட்டு வர்றதுக்கே எங்க அப்பா அவ்ளோ சந்தோஷப்பட்டாரு, அத முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போனதாலதான். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலும் படிதான், 500க்கு மேல. அதே பினாங்குல ஜார்ஜ்டவுனுக்குள்ள சுத்தற கேட் பஸ் எல்லாருக்குமே இலவசம், அதுல ஏறி கார்ட நீட்ட வேண்டியதில்ல.

கூட வர்றவங்கள விட்டுடறது

நாற்காலிய தள்றவருக்கும் சில எடத்துல விலை குறையும், சில எடத்துல குறையாது. யாரும் தானா சொல்ல மாட்டாங்க. காசு எடுக்கறதுக்கு முன்னாடி, கார்ட கவுன்டர் மேல வச்சுட்டு, "அடா ஹர்கா ஓகேயூ? யாங் தெமான்?"னு, அதாவது ஓகேயூ விலை இருக்கா, கூட வர்றவருக்கு இருக்கான்னு ரெண்டையும் சேத்துக் கேட்டுடுங்க.