பங்குனி ஆமையோடு உங்கள் நாயகன்: ரசிகர் ஓவியம் வரைந்து இணையத்தில் பதிவிடுவது எப்படி?

நடிகரையோ அனிமே பாத்திரத்தையோ வரைந்து இன்ஸ்டாகிராமில் போடும் பிள்ளைகள் கடலூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். காதணி எந்தக் காதில், தழும்பு எந்தப் புருவத்தில், சட்டையில் எத்தனை பொத்தான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒன்று மாறினாலும் சக ரசிகர்கள் விடமாட்டார்கள். அதே கண்டிப்பை நம் கரைக்கு வரும் ஓர் உயிரிடமும் காட்டவேண்டும் என்பது என் ஆசை. ‘கடலைக் காப்போம்’ என்று எழுதி, கீழே குளத்து ஆமையின் கால்களோடு ஒரு கடலாமையை வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. காப்பாற்றச் சொல்லும் உயிரை நாம் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்றுதானே அந்தப் படம் சொல்கிறது?

அதனால், உங்கள் நாயகனும் பங்குனி ஆமையும் ஒரே தாளில் இருக்கும் ஓர் ஓவியத்தை இங்கே படிப்படியாக வரைவோம். ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாள்கள் எழுதுவது இந்த ஆமையைத்தான்.

படி 1: பொருள்கள்

எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, அழிப்பான், வாட்டர்கலர், 300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள தாள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். போனில் வரைபவர்களுக்கு ஐபிஸ் பெயின்ட் என்ற செயலி போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆமை ஒரு லேயரில் (தனியாகப் பிரிக்கக்கூடிய அடுக்கில்), நாயகன் வேறொரு லேயரில். தாளில் வரைபவர்கள் இரண்டையும் தனித்தனித் தாளில் வரைந்து, பிறகு போனில் சேர்க்கலாம். காரணம் கடைசிப் படியில் வரும்.

படி 2: கரைக்குப் போய்ப் பாருங்கள்

மாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போங்கள். மணலின் சரிவு, ஈர மணலுக்கும் உலர்ந்த மணலுக்கும் உள்ள நிற வேறுபாடு, படகுகள் கிடக்கும் விதம் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கோட்டோவியமாக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்புலம் இதுதான். கூகுளில் கிடைக்கும் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரை வேண்டாம்.

ஆமைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில்தான் முட்டையிட ஏறும். டார்ச்சோடு தேடிப் போகாதீர்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்டு, அவர்கள் ஆட்களோடு போங்கள். இறந்து ஒதுங்கிய ஆமையைக் காண நேர்ந்தால் தொடவேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதன் ஓட்டின் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் கிடையாது, இதைவிடக் கனமானதும் கிடையாது.

படி 3: ஆமையின் வடிவம்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் படமும் இந்தப் படியில்தான் நிற்கிறது.

ஓடு கிட்டத்தட்ட இதய வடிவம். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முதலில் ஒரு வட்டம் போட்டு, வால் பக்கத்தை மட்டும் லேசாகக் குறுக்குங்கள். தலை பெரியது, மேலிருந்து பார்த்தால் முக்கோணம். கடலாமையால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கழுத்து எப்போதும் வெளியே தெரியவேண்டும். முன்கால்கள் நீண்ட துடுப்புகள், பின்னோக்கி வளையும். விரல் பிரித்து வரையாதீர்கள். துடுப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு நகம் போதும்.

இனி ஓட்டின் கட்டங்கள். நடுவில் ஒரு வரிசை, அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு வரிசை. பேராமை என்ற வேறொரு கடலாமைக்குப் பக்கத்துக்கு நான்கு பெரிய கட்டங்கள்தான். பங்குனி ஆமைக்கு வழக்கமாக ஆறு அல்லது அதற்கு மேல். இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு என்று சமமில்லாமல் இருப்பதும் உண்டு. நான்கே வரைந்தால் நீங்கள் வரைந்தது வேறு ஆமை! நாயகனின் சட்டைப் பொத்தானை எண்ணும் கண் இங்கேதான் உதவும்.

கரைக்கு வருவது பெண் ஆமை. எனவே வால் குட்டையாக இருக்கட்டும், நீண்ட வால் ஆணுக்கு. கண்ணுக்குக் கீழே ஈரக்கோடு ஒன்று வரையுங்கள். உடலில் சேரும் அதிகப்படி உப்பு, கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக நீராக வடியும். அந்த ஈரத்தில் மணல் ஒட்டியிருக்கும்.

மணலில் தடமும் வேண்டும். இந்த ஆமை இடத் துடுப்பு, வலத் துடுப்பு என்று மாற்றி மாற்றி வைத்து நகரும். ஆகவே இருபக்கத் தடங்களும் நேருக்கு நேர் அமையாமல் முன்னும் பின்னுமாக விழும்.

படி 4: நிறம்

மஞ்சள் ஓக்கர், அல்ட்ராமரின் நீலம், துளி பர்ன்ட் சியன்னா. மூன்றையும் கலந்தால் சாம்பல் பூத்த ஆலிவ் பச்சை வரும். பளிச்சென்ற பச்சையை டியூபிலிருந்து நேராக எடுத்துப் பூசாதீர்கள். குஞ்சுகள் வரைவதாக இருந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு, ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம்.

படி 5: நாயகனை எங்கே வைப்பது?

ஓட்டின் நீளம் 60 முதல் 70 சென்டிமீட்டர். நாயகன் 170 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஓடு அவன் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு.

அவனை ஆமைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பின்புறமாக, தள்ளி, மணலில் குனிந்து உட்காரவையுங்கள். கையில் டார்ச் வேண்டாம், நிலா வெளிச்சம் போதும். ஆமை மேல் ஏறி உட்காருவது, குஞ்சை உள்ளங்கையில் ஏந்திச் சிரிப்பது இரண்டும் கூடவே கூடாது. படம் அழகாக வரும் என்பது உண்மைதான். ஆனால் நாயகன் செய்வதை ரசிகன் செய்வான். பார்த்துவிட்டு நாலு பேர் குஞ்சைக் கையில் எடுத்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. எதையும் தொடாமல் காத்திருக்கும் நாயகனை வரைந்து பாருங்கள், அந்த முகத்தில் என்னென்னவோ கொண்டுவரலாம்.

படி 6: மீனவர் ஒருவரிடம் காட்டுங்கள்

பதிவிடும் முன் ஓவியத்தைத் தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டுங்கள். “அண்ணே, துடுப்பு சரியா இருக்கா பாருங்க” என்று கேளுங்கள். ஆமையைக் கடலில் பார்த்தவர்கள் சொல்லும் திருத்தம் எந்த யூடியூப் வகுப்பிலும் கிடைக்காது. வலையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

படி 7: படம் எடுத்துப் பதிவிடுதல்

காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். 1080க்கு 1350 பிக்சலில் வெட்டுங்கள். கையெழுத்தை ஓரத்தில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள், துடுப்பின் அருகில் போடுங்கள். மூன்று படங்களாகப் பதிவிடுவது நல்லது: முதலில் முழு ஓவியம், அடுத்து ஓட்டின் நெருக்கக் காட்சி, மூன்றாவதாக என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பு. நாயகனுக்காக வருபவர்கள் முதல் படத்தில் நிற்பார்கள், விரலை நகர்த்தினால் ஆமை காத்திருக்கும். பார்வையற்றவர்களுக்காகப் படவிளக்கத்தையும் தமிழில் எழுதுங்கள்.

எழுத்து இப்படி இருக்கலாம்:

“கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறந்துபோகும். ஆமை வெளியேறும் சாதனம் பொருத்திய வலை அதைத் தப்பவிடும். பிழைத்துக் கரையேறும் ஆமை ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும். கடலோரம் குடியிருப்பவர்கள் ஆமை முட்டையிட்டுக் குஞ்சு வெளிவரும் மாதங்களில் கரையை நோக்கிய விளக்குகளை இரவில் அணைத்துவையுங்கள்.”

மீனவர்களைக் குற்றவாளிகளாக்கி ஒரு வரிகூட எழுதாதீர்கள். வலையை அறுத்து ஆமையைக் கடலில் விடுபவர்களும் அவர்கள்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, கோபத்தில் பலர் எல்லா மீனவர்களையும் ஒரே தராசில் வைத்து எழுதினார்கள். கட்டுமரக்காரருக்கும் இழுவைப் படகுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்டவை அவை.

முட்டையிட்ட இடத்தை ஒருபோதும் குறிப்பிடாதீர்கள். லொகேஷனை அணைத்துவிட்டு, ‘கடலூர் கடற்கரை’ என்பதோடு நிறுத்துங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. முட்டை எடுப்பது குற்றம். ஆனாலும் இடம் தெரிந்தால் எடுக்க ஆள் வரும், வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வரும்.

படி 8: உரிமை

‘ரசிகர் ஓவியம்’ என்று எழுதி, பாத்திரத்தை உருவாக்கியவர் பெயரையும் போடுங்கள். பாத்திரத்தின் உரிமை அவர்களுடையது, அனுமதி இல்லாமல் அதை அச்சடித்து விற்கக்கூடாது. ஆமை முழுக்க உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் வரைந்தவருக்கே அதில் உரிமை உண்டு. லேயரைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். நாயகன் இல்லாத ஆமைப் படத்தைப் பெரிய அளவில் தனியாகச் சேமித்துவையுங்கள். பள்ளிக்கூடமோ மீனவர் பஞ்சாயத்தோ சுவரொட்டிக்குக் கேட்டால் அன்றே அனுப்பிவிடலாம். மார்கழி முடிவதற்குள் தயாராக இருந்தால் நல்லது, தை பிறக்கும்போது ஆமைகள் கரையேறத் தொடங்கியிருக்கும்.