மேக்பெத் துன்பியல் நாயகனா? நீங்களே தீர்ப்பு சொல்ல ஒரு வழி

பதவி ஆசையில் கொலை செய்து, அதனாலேயே அழிந்தவனைத் துன்பியல் நாயகன் என்று சொல்லலாமா? நாடகம் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை வைத்தே செய்து பார்ப்போம்; அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காட்லாந்துப் படைத்தளபதி அவன். நாடகப் பிரதி, ஒரு தாள், பேனா போதும்.

படி 1: அளவுகோல்

துன்பியல் நாயகன் எப்படி இருக்க வேண்டும் என்று கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் தன் ‘கவிதையியல்’ நூலில் சொல்வது இது: அப்பழுக்கில்லாத நல்லவன் வீழ்ந்தால் மனம் கொதிக்கும், அவ்வளவுதான். படுபாவி வீழ்ந்தால் இரக்கமும் வராது, அச்சமும் வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன், பேரும் புகழுமாக இருந்தவன், தன் பிழையால் வீழும்போதுதான் அவை இரண்டும் வரும். கிரேக்க நாடகங்களைப் பார்த்து அவர் எழுதியது இது. மேக்பெத் நாடகம் எழுதப்பட்டதோ 1606 வாக்கில். அதனால் இதைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக வேண்டாம்.

படி 2: எந்த உயரத்திலிருந்து விழுந்தான்?

முதல் அங்கம், 2ஆம் காட்சி. ரத்தம் வழிய வந்து நிற்கும் படைத்தலைவன் மேக்பெத்தின் வீரத்தைப் புகழ்கிறான். அரசன் டங்கன் பூரித்துப்போகிறான். உயரம் உறுதி. அடுத்ததற்குப் போகலாம்.

படி 3: தள்ளிவிட்டது யார்?

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் வெளியிலிருந்து வந்தவை: சூனியக்காரிகளின் வாக்கு, மனைவியின் தூண்டுதல். மறுபக்கம் அவனே எடுத்த முடிவுகள். அரசனாவாய் என்றுதான் சூனியக்காரிகள் சொன்னார்கள். டங்கனைக் கொல் என்று சொல்லவில்லை. உன் வம்சத்தார் அரசர்களாவார்கள் என்ற வாக்கை அவனுடைய சக தளபதி பாங்க்கோவும் கேட்டான். அவன் கத்தியை எடுக்கவில்லை. எழுதிப் பார்த்தால் மறுபக்கம்தான் கனமாக இருக்கும்.

படி 4: கொலைக்கு முந்தைய பேச்சு

முதல் அங்கம், 7ஆம் காட்சி. இங்கே அவசரப்படாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். டங்கன் என் உறவினன், என் அரசன், என் வீட்டு விருந்தாளி, கொலைகாரனுக்குக் கதவடைக்க வேண்டியவனே நான் என்று மேக்பெத் தனக்குத்தானே வாதாடுகிறான். என்னை முடுக்குவது ஆசை ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்கிறான். இதற்கு மேல் வேண்டாம், இப்போதுதான் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன் என்று மனைவியிடமும் சொல்கிறான். அப்புறம் போய்க் கொல்கிறான்.

கிரேக்கத் துன்பியல் நாயகன் ஈடிபஸ், தன் தந்தை என்று தெரியாமல் தந்தையைக் கொன்றான். இவன் எல்லாம் தெரிந்தே செய்கிறான். அதனால் இதைப் பிழை என்று சொல்ல முடியாது, குற்றம்தான் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைத் தடுக்க வேண்டிய காரணங்களை இவ்வளவு தெளிவாக அடுக்கிவிட்டு ஒருவன் அவற்றைத் தாண்டிப் போகும்போதுதான் எனக்கு அச்சம் வருகிறது.

படி 5: அவனுக்கு எதிரான சாட்சி

நாலாம் அங்கம், 2ஆம் காட்சியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். அவன் மனைவியையும் பிள்ளைகளையும் மேக்பெத் ஆளனுப்பிக் கொல்கிறான். சிறுவன் மேடையிலேயே சாகிறான். இதனால் மேக்பெத்துக்கு ஒரு லாபமும் இல்லை. டங்கனைக் கொல்லுமுன் அவ்வளவு தயங்கியவன் இங்கே ஒரு கணமும் தயங்கவில்லை. இரக்கம் வற்றிப்போனால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்; சமாதானம் தேடாதீர்கள்.

படி 6: இழந்தது அவனுக்குத் தெரிகிறதா?

ஐந்தாம் அங்கம், 3ஆம் காட்சி. மதிப்பு, அன்பு, நண்பர் கூட்டம் எதுவும் முதுமையில் எனக்குக் கிடைக்காது, உரக்கச் சொல்லாத சாபங்கள்தான் மிச்சம் என்கிறான். படி 4இல் அவன் காப்பாற்ற நினைத்த நல்ல பெயரோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். விலை என்ன என்று முன்பே சொன்னவன், இப்போது அதைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

படி 7: தீர்ப்பு

கடைசியில் டங்கனின் மகன் மால்கம் அவனைக் கசாப்புக்காரன் என்கிறான். மால்கம் வரைக்கும் அது சரி. தனிமையில் மேக்பெத் பேசியது எதையும் அவன் கேட்டதில்லை. நாம் கேட்டிருக்கிறோம். படி 5 என்னை உறுத்தினாலும், மேக்பெத் துன்பியல் நாயகன்தான் என்பது என் முடிவு.

உங்கள் முடிவு வேறாக இருந்தால், இதே படிகளை ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடக நாயகனான மூன்றாம் ரிச்சர்டுக்கும் போட்டுப் பாருங்கள். வில்லனாக இருக்கப்போகிறேன் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுபவன் அவன். படி 4இல் அவனுக்கு எழுத அதிகம் இருக்காது. ஆனால் கடைசிப் போருக்கு முந்தைய இரவில், நான் செத்தால் இரங்க ஒருவரும் இல்லை என்று அவனும் சொல்கிறான். அந்த ஒரு இரவு போதுமா என்று யோசியுங்கள்.